கண்ணாடி அணிபவரும் கடலின் ஆழமும்: ஸ்கூபா மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் முன்

விடுமுறைக் காலம் நெருங்கும்போது கண் புறநோயாளிப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ புதுச்சேரிக் கடலுக்கோ ஸ்கூபா முக்குளிப்புக்காகச் செல்லவிருப்போர், "நான் கண்ணாடி அணிபவன்; நீருக்குள் எனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்கின்றனர். சிலர் தம் பிள்ளைகளுக்காகக் கேட்கின்றனர். வேறு சிலர், பணி ஓய்வுக்குப் பின் முதன்முறையாக இறங்க விரும்பும் பெற்றோருக்காகக் கேட்கின்றனர். பெரும்பாலானோருக்கு நாம் தரும் விடை, இறங்கலாம் என்பதே. எதை அணிந்து இறங்குவது என்பது அவரவர் கண்ணைப் பொறுத்து மாறும். மிகச் சிலருக்கு மட்டும், இப்போது வேண்டாம் என்று சொல்ல நேர்கிறது.

இதை வேடிக்கை பார்ப்பது தொடர்பான கேள்வியாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. நீருக்கடியில் இருப்பவர் தம் உருளையில் எஞ்சியுள்ள காற்றின் அளவை ஒரு சிறிய அழுத்தமானியைப் பார்த்தே அறிகிறார். ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் நிரப்பப்பட்ட உருளையில் 50 பார் மீதமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. ஆழத்தையும் நேரத்தையும் மணிக்கட்டில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் காட்டுகிறது. வழிகாட்டி கைச்சைகையால்தான் பேசுவார். பவளப்பாறை மங்கலாகத் தெரிந்தால் சற்று மகிழ்ச்சி குறையும், அவ்வளவே. அழுத்தமானியின் முள் மங்கலாகத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே மாஸ்க் வாங்கும் முன் கேட்க வேண்டியது இதுதான்: கையெட்டும் தூரத்திலுள்ள எண்ணும், நான்கைந்து மீட்டர் தொலைவிலுள்ள துணைவரின் கையும் எனக்குத் தெளிவாகத் தெரியுமா?

நீருக்குள் கண் ஏன் மங்குகிறது?

மனிதக் கண்ணின் ஒளி குவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் வளைந்த முன்பரப்பினால் கிடைக்கிறது. காற்றிலிருந்து வரும் ஒளி அங்கே நன்கு வளைந்து உள்ளே செல்கிறது. நீரும் கருவிழியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் விலக்குபவை. ஆதலால் நீர் நேரடியாகக் கண்ணைத் தொடும்போது அந்த ஆற்றல் பெரும்பாலும் இல்லாமற் போகிறது. நல்ல பார்வையுடையவரும் அப்போது 40 டயாப்டர் அளவுக்குத் தூரப்பார்வைக் குறை உடையவர் போலாகிவிடுகிறார். தாய்லாந்துக் கடற்கரையில் வாழும் மோக்கன் இனக் குழந்தைகள் மாஸ்க் இல்லாமலேயே சிப்பியும் நண்டும் தேடி எடுப்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார். அக்குழந்தைகள் நீருக்குள் கண்மணியை மிகச் சுருக்கி, ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரு மடங்குக்கு மேல் தெளிவாகப் பார்த்தனர். நம்மில் பலருக்கு அத்தகைய பயிற்சி இல்லை. நமக்கு மாஸ்க் தேவை.

மாஸ்க் செய்யும் வேலை எளிது. கண்ணுக்கு முன்னே ஒரு காற்றறையை வைத்து, கருவிழிக்கு அதன் ஆற்றலைத் திருப்பித் தருகிறது. ஆயினும் நீர், கண்ணாடி, காற்று ஆகிய மூன்றையும் கடந்து ஒளி வருவதால், பொருள்கள் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கிலேயே இருப்பது போலவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். நான்கு மீட்டர் தொலைவிலுள்ள மீன் மூன்று மீட்டரில் நிற்பது போலிருக்கும். இந்த ஒரு விளைவு கிட்டப்பார்வை உள்ளவருக்குச் சற்று உதவுகிறது. வெள்ளெழுத்து வந்தவருக்கோ தொல்லை தருகிறது. ஏன் என்பதைக் கீழே காணலாம்.

வீட்டில் இருக்கும் நீச்சல் கண்ணாடியைக் கொண்டுபோகலாமா என்று கேட்போர் பலர். கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் இரு மடங்காகிறது. அடைபட்ட காற்று அங்கே பாதியாகச் சுருங்க முயலும். மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடியிருப்பதால், முக்குளிப்பவர் மூக்கின் வழியே சிறிது காற்றை உள்ளே விட்டு அழுத்தத்தைச் சமன்செய்கிறார். நீச்சல் கண்ணாடியில் அதற்கு வழியில்லை; அது கண்ணைச் சுற்றி உறிஞ்சிப் பிடித்து, விழிவெண்மையில் இரத்தக் கசிவை உண்டாக்கும். பவர் வைத்த நீச்சல் கண்ணாடிக்கும் இது பொருந்தும். வழக்கமான மூக்குக்கண்ணாடியை மாஸ்க்குக்குள் அணிவதும் இயலாது. காதுக்குச் செல்லும் கம்பிகள் சிலிக்கோன் விளிம்பைத் தூக்கிவிட, நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும்.

பவருக்கு ஏற்ற வழி

உங்கள் கண்ணாடிச் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு இப்பகுதியைப் படியுங்கள். ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ், நடுத்தர வயதினருக்கு ஆட் ஆகிய எண்கள் அதில் இருக்கும்.

கிட்டப்பார்வை மைனஸ் 1 அல்லது 1.5 அளவில் மட்டும் இருந்தால், விடுமுறையில் ஒருமுறை இறங்கிப் பார்ப்பவருக்குச் சாதாரண மாஸ்க்கே பெரும்பாலும் போதுமானது. மைனஸ் 1.5 உடையவருக்குக் கண்ணாடியின்றி ஏறத்தாழ 67 செ.மீ. வரை தெளிவாகத் தெரியும். நீருக்குள் பொருள்கள் நெருங்கித் தோன்றுவதால் அந்த எல்லை 90 செ.மீ. வரை நீள்கிறது. அழுத்தமானி அதற்குள் அடங்கிவிடும். துணைவர் சற்று மங்கினாலும், பெரிதாகத் தெரிவதால் அவர் கையசைவு புலப்படும். பயிற்சி பெற்று அடிக்கடி இறங்க எண்ணுவோர் இத்தோடு நிறைவடைய வேண்டியதில்லை.

அதற்கு மேற்பட்ட கிட்டப்பார்வை உடையோருக்குச் சந்தையில் எளிதாகக் கிடைப்பது, ஆயத்த பவர் லென்ஸ் பொருத்தும் மாஸ்க் ஆகும். இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனிக் கண்ணாடி உள்ள இருசாளர மாஸ்க்குகளில் சில வகைகள், வெறும் கண்ணாடியைக் கழற்றி அதே வடிவிலான பவர் கண்ணாடியை மாட்டும்படி செய்யப்பட்டுள்ளன. பெரும்பாலும் மைனஸ் 1-இல் தொடங்கி மைனஸ் 8 வரையிலோ அதற்குச் சற்று மேலோ, அரை டயாப்டர் இடைவெளியில் இவை கிடைக்கும். இரு கண்ணுக்கும் வெவ்வேறு பவர் வாங்கலாம். பிளஸ் பவரில் தெரிவுகள் குறைவு. ஒற்றைச் சாளர மாஸ்க்கில் இம்முறை இயலாது. எனவே அழகைப் பார்த்து மாஸ்க்கை வாங்கிவிட்டுப் பிறகு லென்ஸைத் தேடுவது தலைகீழான வரிசை. இந்த மாடலுக்குப் பவர் லென்ஸ் உண்டா என்று கேட்டுவிட்டே மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பாருங்கள்.

இத்தகைய லென்ஸின் வெளிப்பக்கம் தட்டையாகவும் உட்பக்கம் மட்டும் வளைவாகவும் இருக்கும். பவர் முழுவதும் காற்றைத் தொடும் உட்பக்கத்தில் இருப்பதால், வெளியே நீர் இருந்தாலும் பவர் மாறுவதில்லை. சாதாரண மூக்குக்கண்ணாடி லென்ஸின் இரு பக்கமும் வளைந்திருப்பதால் அதை அப்படியே மாஸ்க் கண்ணாடிக்குப் பதிலாகப் பொருத்த முடியாது. ஊரில் உள்ள கண்ணாடிக் கடையில் செய்துகொள்ளலாம் என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

சீட்டில் உள்ள எண், கிடைக்கும் இரண்டு எண்களுக்கு நடுவே விழுந்தால் குறைந்ததை எடுங்கள். மைனஸ் 3.25 உடையவருக்கு மைனஸ் 3 போதும். நம் கரையோரக் கடலில் பல நாட்களில் பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. தொலைதூரக் கூர்மை அங்கே பயன்படாத செல்வம். ஆயத்த லென்ஸ்களில் சிலிண்டர் பவர் இராது. சிலிண்டர் 1 அளவில் இருந்தால், அதில் பாதியை ஸ்பியரோடு சேர்த்துக்கொள்ளும் முறை உண்டு. ஸ்பியர் மைனஸ் 3, சிலிண்டர் மைனஸ் 1 என்றால் மைனஸ் 3.5 லென்ஸ் பொருந்தும். சிலிண்டர் 2-ஐத் தொட்டுவிட்டால் இந்தச் சமரசம் பலருக்கு நிறைவு தருவதில்லை.

அவர்களுக்கும், மிக அதிகப் பவர் உடையோருக்கும், பிரிஸம் தேவைப்படுவோருக்கும் இன்னொரு வழி இருக்கிறது. சீட்டின்படி தனியே செய்த லென்ஸை மாஸ்க் கண்ணாடியின் உட்பக்கத்தில் பசையால் ஒட்டித் தருவார்கள். சிலிண்டர், ஆக்சிஸ், இருகுவியம் எதையும் இதில் கொண்டுவரலாம். செலவு கூடும், நாளும் பிடிக்கும், இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து தர வேண்டும். மாஸ்க் கண்ணாடி, நாம் அணியும் கண்ணாடியைவிடக் கண்ணிலிருந்து தள்ளியே இருக்கிறது. பவர் 4-க்குள் இருப்போர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மைனஸ் 8 உடையவருக்கோ, லென்ஸ் 12 மில்லிமீட்டர் கூடுதலாக விலகினால் முக்கால் டயாப்டருக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். ஆகவே அதிகப் பவர் உடையோர் சீட்டை மட்டும் அனுப்பி லென்ஸ் வரவழைக்காமல், மாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு எமது கண்ணாடிப் பரிசோதனைப் பிரிவுக்கு வருவது நல்லது. அதை முகத்தில் வைத்தே தூரத்தை அளந்து பவரைத் திருத்தித் தர இயலும்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு

எங்கள் பார்வையில், மாஸ்க் கடைகளில் போதிய அளவு பேசப்படாத சிக்கல் வெள்ளெழுத்துதான். அழுத்தமானியை 40 செ.மீ. தொலைவில் பிடித்தால், நீருக்குள் அது 30 செ.மீ.-இல் இருப்பது போலக் கண் உழைக்க வேண்டும். கரையில் 2.5 டயாப்டர் உழைப்பில் படித்துவிடும் எண்ணுக்கு அங்கே 3.3 டயாப்டர் தேவைப்படுகிறது. எழுத்து பெரிதாகத் தோன்றுவது ஓரளவு ஈடுசெய்யும். வெளிச்சக் குறைவு அந்த ஆதாயத்தையும் எடுத்துக்கொள்ளும். படகில் அமர்ந்து டைவ் கம்ப்யூட்டரைக் கண்ணாடியின்றிப் படிக்க முடிந்தவர், பதினைந்து மீட்டருக்குக் கீழே அதே எண்ணைக் காண இயலாமல் கையை நீட்டி நீட்டிப் பார்ப்பது இதனால்தான்.

தீர்வுகள் கடினமானவை அல்ல. தூரப் பார்வை நன்றாக உள்ளவர், கண்புரை அறுவைக்குப் பின் தூரத்துக்கு ஏற்ற உள்விழி லென்ஸ் வைக்கப்பட்டவர் ஆகியோருக்கு, மேற்பகுதி வெறுமையாகவும் கீழ்ப்பகுதியில் பிளஸ் பவரும் உள்ள ஆயத்த லென்ஸ் உண்டு. மாஸ்க்கின் உட்புறம் கீழ் மூலையில் நீரால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய அரைவட்டப் பிளஸ் லென்ஸும் கிடைக்கிறது; அது மலிவானது, வாடகை மாஸ்க்கிலும் ஒட்டிக் கழற்றலாம். மைனஸ் 2 அளவில் கிட்டப்பார்வையும் வெள்ளெழுத்தும் சேர்ந்து உள்ளவர், ஒரு கண்ணுக்கு மட்டும் முழுப் பவர் லென்ஸ் போட்டு, மறு கண்ணை வெறுமையாக விட்டால், ஒரு கண் மீனையும் மறு கண் எண்ணையும் பார்த்துக்கொள்ளும். எல்லோருக்கும் இது ஒத்துவருவதில்லை. வீட்டிலேயே ஒரு நாள் முயன்று பார்த்துத் தலைவலி இல்லை என்றால் மட்டும் தொடரலாம். பெரிய எண்களும் பின்னொளியும் உள்ள டைவ் கம்ப்யூட்டரைத் தேர்வதும் ஒரு கண் சிகிச்சைதான் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கான்டாக்ட் லென்ஸ் அணிந்து இறங்கலாமா?

மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அணிந்து முக்குளிக்கலாம். ஒருமுறை மட்டும் இறங்கப்போகும் இளையோருக்கு, நாள் முடிவில் எறிந்துவிடும் வகையே மிக வசதியானது. எந்த மாஸ்க்கும் அப்போது பொருந்தும், சிலிண்டருக்கும் அவ்வகையில் லென்ஸ் உண்டு. கடினமான லென்ஸ் வேண்டாம். ஆழத்திலிருந்து மேலேறும்போது லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே சிறு வாயுக் குமிழிகள் தங்கி, பார்வையை மங்கச் செய்து கருவிழியைப் புண்படுத்தக்கூடும்.

லென்ஸ் மிதந்து போய்விடுமோ என்ற அச்சமே பலரிடம் காணப்படுகிறது. நாங்கள் அஞ்சுவது வேறொன்றை. நீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி, லென்ஸுக்கு அடியில் ஒதுங்கிக் கருவிழியில் தொற்றை ஏற்படுத்த வல்லது. அரிதான நோய்தான், ஆனால் வந்தால் கடும் வலியும் மாதக்கணக்கில் சிகிச்சையும், சிலருக்குக் கருவிழி மாற்று அறுவையும் தேவைப்படும். கடல்நீர் மட்டுமன்றிப் பயிற்சி நடக்கும் நீச்சல் குளமும், கரையில் குளிக்கும் குழாய் நீரும் இதற்குக் காரணமாகலாம். எனவே இறங்கி ஏறியதும் கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விட்டு, லென்ஸைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். அதன் பிறகே குளிக்க வேண்டும். மறுநாளுக்குப் புதிய இணை. மாதம் முழுதும் அணியும் லென்ஸைக் கழுவிப் பயன்படுத்தலாமே என்ற சிக்கனம் இங்கே பொருந்தாது.

பயிற்சியின்போது மாஸ்க்கை நீருக்கடியில் கழற்றி மீண்டும் அணியச் சொல்வார்கள். அந்த வேளையில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். லென்ஸ் அணிந்திருப்பதைப் பயிற்றுநரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். கண்ணைத் திறந்து காட்டச் சொல்லி அவர் வற்புறுத்தமாட்டார்.

முகத்துக்குப் பொருந்துதல்

எவ்வளவு சரியான பவராயினும், நீர் கசியும் மாஸ்க்கில் அது பயன்தராது. வாரைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுத்து நிறுத்துங்கள். கையை எடுத்தாலும் அது ஒட்டி நிற்க வேண்டும். தலைமுடி ஓர் இழை உள்ளே மாட்டினாலும் கசியும். அடர்ந்த மீசை உள்ளவர் மூக்கின் கீழே ஒரு கோட்டளவு மழித்துக்கொண்டால் சிலிக்கோன் படியும். மீசையை முழுவதும் எடுக்கத் தேவையில்லை. கண்ணாடியில் 'டெம்பர்டு' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்தாலும் கூரிய துண்டுகளாகச் சிதறாத வகை அது. புதிய மாஸ்க்கில் தொழிற்சாலைப் படலம் இருப்பதால் ஆவி படியும். சாதாரணக் கண்ணாடியாயின் பற்பசையால் தேய்த்துக் கழுவுவார்கள். பிளாஸ்டிக் லென்ஸ் ஒட்டிய மாஸ்க்கில் பற்பசை கீறல் உண்டாக்கும். குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு துளி போதும், அதையும் நன்கு அலசிவிட வேண்டும்.

உடன் செல்வோருக்கு ஒரு வேலை உண்டு. அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பெட்டியில் வைத்துப் படகில் பாதுகாத்து, ஏறியதும் கையில் கொடுங்கள். ஈரமான ஏணியிலும் ஆடும் படகிலும் கண்ணாடியின்றித் தடுமாறி விழுவோர் உண்டு.

இப்போது இறங்கக் கூடாதவர்கள்

விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர், அது முழுவதும் கரைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை எக்காரணத்தைக் கொண்டும் முக்குளிக்கக் கூடாது. நீரின் அழுத்தத்தில் அந்த வாயு சுருங்கும்போது கண்ணின் உட்பகுதிகள் சிதையும். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய ஏறத்தாழ இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். விமானப் பயணமும் அதுவரை கூடாது.

ஏனைய அறுவைகளுக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச இடைவெளி உண்டு: லேசிக்குக்கு ஒரு மாதம், கண்புரைக்கு வெட்டின் வகைக்கேற்ப ஒன்று முதல் மூன்று மாதம், கண்நீர் அழுத்த அறுவைக்கும் விழித்திரை அறுவைக்கும் இரண்டு மாதம், கருவிழி மாற்றுக்கு ஆறு மாதம். உங்கள் கண் ஆறிய விதத்தைப் பார்த்து மருத்துவர் இதைக் கூட்டலாம். கண்நீர் அழுத்த நோய்க்காக அறுவை செய்து, இமைக்கடியில் வடிகால் கொப்புளம் உள்ளவர்கள், ஆண்டுகள் கடந்திருந்தாலும் கேட்காமல் இறங்க வேண்டாம். அந்நோய்க்கு டிமோலால் சொட்டு விடுவோருக்கு நாடித்துடிப்பு குறையலாம். அசிடசோலமைடு மாத்திரை உண்போருக்குக் கைகால் மதமதப்பு வரும். முக்குளித்த பின் ஏற்படும் அழுத்தநீக்க நோயின் அறிகுறியும் அதுவே ஆதலால் குழப்பம் நேரும். கடற்பயண வாந்திக்குக் காதின் பின்னே ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை கண்மணியை விரித்துப் பார்வையை மங்கச் செய்யும். குறுகிய கோணம் உடைய கண்ணில் திடீர் அழுத்தத்தையும் தூண்டலாம்.

ஏறிய பின் விழிவெண்மையில் சிவப்புத் திட்டு தெரிந்து, வலியும் பார்வைக் குறைவும் இல்லையெனில், அது மாஸ்க்கின் உறிஞ்சலால் வந்தது. இரண்டு வாரத்தில் தானே மறையும். வலி, ஒளியைக் காணக் கூச்சம், கான்டாக்ட் லென்ஸ் கழற்றிய பின்னும் நீங்காத சிவப்பு ஆகியவை இருந்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். எறிந்துவிடாமல் வைத்திருந்தால் அந்த லென்ஸையும் கொண்டு வாருங்கள், பரிசோதனைக்கு உதவும். பார்வை மங்கலுடன் தலைச்சுற்றல், மூட்டுவலி, கைகால் மரத்தல் சேர்ந்து வந்தால் அது கண்ணின் சிக்கல் அன்று. உடனே பிராணவாயு கொடுக்கச் சொல்லி, உயரழுத்தப் பிராணவாயு அறை உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அந்த அறை எங்கே இருக்கிறது என்பதைப் படகேறும் முன்பே முக்குளிப்பு நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.